கறவை மாடும் காசநோயும்

காசநோயை உண்டாக்கும் கிருமி ஒன்றல்ல. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல கிருமிகள் அந்த நோயைத் தருகின்றன. அவற்றில் ஒன்று பெரும்பாலும் மனிதரிடம் வாழ்வது. மற்றவை மாடு, ஆடு, மான் முதலிய விலங்குகளிடம் வாழ்பவை. விலங்குகளின் கிருமி மனிதருக்கு வரப் பெரிய வழிகள் இரண்டு. காய்ச்சாத பால் வழியே வந்தால் குடலையோ, கழுத்துச் சுரப்பிகளையோ தாக்கும். பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்ற கழுத்துக் கழலைகளில் ஒரு பகுதி இவ்வகையாக இருந்திருக்கலாம். தொழுவத்தின் காற்று வழியே மூச்சில் வந்தால் நுரையீரலில் தங்கும். அப்படித் தங்கிய பின் அது மனிதரிடமிருந்து தொற்றியதா, மாட்டிடமிருந்து தொற்றியதா என்பதை எக்ஸ்ரே படம் சொல்லாது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டும் ஒரே சிவப்புக் குச்சிகளாகவே தெரியும். இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு எல்லாம் ஒன்றே. கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் வேறுபாடு ஐயமின்றிப் பிடிபடுகிறது. இந்தக் கேள்வி கடந்து வந்த பாதையில் இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பலமுறை குறுக்கிடுகிறது. உலகில் மிக நுணுக்கமாகக் காசநோய் ஆராயப்பட்ட கிராமங்கள் சில அங்கேதான் இருக்கின்றன.

மாட்டின் கிருமியும் மனிதக் கிருமியும் வேறு வேறு என்பதை 1898-இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித் காட்டினார். காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1901-இல் லண்டனில் கூடிய மாநாட்டில், மாட்டின் கிருமியால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று அறிவித்தார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் மீறி பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அது 1911 வரை ஆராய்ந்து, மாட்டுப் பாலால் குழந்தைகள் காசநோய்க்குப் பலியாவதை உறுதிசெய்தது. ஐரோப்பாவில் பாலைச் சூடேற்றி விற்கும் வழக்கமும், நோயுற்ற மாடுகளைச் சோதித்துக் கொல்லும் திட்டங்களும் அதன் பிறகே வலுப்பெற்றன.

இந்தியாவில் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. பம்பாயில் லிஸ்டனும் சோப்பார்க்கரும் 1917-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டு மாடுகள் ஐரோப்பிய மாடுகளைவிடக் காசநோயை நன்றாகத் தாங்குகின்றன என்று கண்டனர். இங்கே பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்களும் குறைவு. இந்த இரண்டும் உண்மையான செய்திகளே. ஆனால் இவற்றிலிருந்து, இந்த நாட்டில் மனிதருக்கு மாட்டுக் காசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்ற முடிவு பாடநூல்களில் குடியேறி, மறுபடி சோதிக்கப்படாமலே பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. பாலைக் காய்ச்சினால் பாலிலுள்ள கிருமி சாகும். தொழுவத்தில் சாணி அள்ளுபவர், பால் கறப்பவர், மாட்டை வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டிப் பக்கத்திலேயே படுப்பவர் ஆகியோரின் மூச்சுக்கு, பாலைக் காய்ச்சுவதால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

மாட்டின் கிருமி வேறொரு உருவில் தமிழ்நாட்டுக்குள் வந்தது. பிரான்சின் லீல் நகரில் கால்மெட்டும் கெரானும் மாட்டிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கின் மேல் 1908 முதல் 1921 வரை மாற்றி மாற்றி 230 தடவை வளர்த்து, நோய் தரும் வலிமையை இழக்கச் செய்தார்கள். அதுவே பி.சி.ஜி. தடுப்பூசி. 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் ஊசி போடும் பணியும் தொடங்கியது. சென்னையில் எதிர்ப்பும் உடனே கிளம்பியது. ஏ. வி. ராமன் என்பவர் அதற்கு முன்னின்றார். 1955-இல் ராஜாஜியே களமிறங்கி, உயிருள்ள கிருமியை நலமாக இருக்கும் குழந்தைகளின் உடம்பில் ஏற்றுவதைக் கண்டித்து எழுதினார். அரசு பின்வாங்கவில்லை. எனினும் அந்தச் சர்ச்சை ஒரு நல்லதைச் செய்தது என்று சொல்லலாம்: இந்த ஊசி இந்த மண்ணில் பலிக்கிறதா என்பதை இங்கேயே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் தேவை எல்லாருக்கும் தெரிந்ததாயிற்று.

அந்தச் சோதனைக்கான அனுபவம் சென்னையில் ஏற்கனவே உருவாகியிருந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து ஒரு மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் ஏழை நோயாளியும், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் போலவே குணமடைகிறார் என்று 1959-இல் காட்டி, உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றுச் சேத்துப்பட்டில் இயங்குவது அதுதான்.

பி.சி.ஜி. சோதனை 1968-இல் தொடங்கியது. உலக மருத்துவ நூல்கள் அதைச் செங்கல்பட்டு ஆய்வு என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் ஆய்வு நடந்த கிராமங்கள் திருவள்ளூரைச் சுற்றியவை. அப்போது திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது; 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. வீடு வீடாகச் சென்று 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு 0.1 மில்லிகிராம் பி.சி.ஜி., சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு வெறும் நீர்மருந்து. யாருக்கு எது போனது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தொற்று உண்டா என்று காட்டும் டியூபர்குலின் ஊசியைக் கையில் குத்தி வீக்கத்தை அளந்தார்கள்; எக்ஸ்ரே எடுத்தார்கள்; படத்தில் ஐயம் தோன்றியவர்களின் சளியைச் சேகரித்தார்கள். குறித்த இடைவெளிகளில் இதே சுற்று மறுபடி மறுபடி நடந்தது.

ஏழரை ஆண்டு முடிவு 1979-இல் வெளியானபோது காசநோய் உலகம் திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் நீர்மருந்து போட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வந்தது. அதுவும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாகப் பலித்த ஊசி இங்கே ஏன் பொய்த்தது? ஒரு விளக்கம், இங்குள்ள மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகள் சிறுவயதிலேயே உடம்பைப் பழக்கிவிடுவதால் ஊசி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பது. இன்னொன்று, கிருமியே வேறு வகை என்பது. பிரிட்டிஷ் ஆய்வாளர் டெனிஸ் மிட்சிசன் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, சென்னை நோயாளிகளின் கிருமிகள் பல கினிப்பன்றிகளில் பிரிட்டிஷ் கிருமிகளைவிட மெதுவாகவே நோய் உண்டாக்குவதைக் கவனித்திருந்தார்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. அது அந்தச் சோதனையின் நோக்கத்தில் இடம்பெறவில்லை. ஊசி மாட்டின் கிருமியால் ஆனது. போட்டுக்கொண்டவர்கள் மாடுகளோடு வாழ்ந்தவர்கள். அந்த மாடுகளிடம் இருந்த கிருமி எது? கேட்டிருந்தாலும் அன்றைய ஆய்வுக்கூடத்தில் விடை எளிதாகக் கிடைத்திருக்காது. சளியிலிருந்து கிருமியை வளர்க்க முட்டையும் கிளிசரினும் கலந்த லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம் உலகெங்கும் பயன்பட்டது. மனிதக் கிருமிக்கு அது விருந்து. மாட்டின் கிருமிக்கோ கிளிசரின் ஒத்துக்கொள்ளாது. பைருவேட் சேர்த்த ஊடகம் வேண்டும். ஆகவே வழக்கமான முறையில் வளர்த்து எண்ணுபவர், மாட்டின் கிருமியை எண்ணிக்கைக்கு வருமுன்பே இழந்துவிட வாய்ப்பு அதிகம். இல்லை என்ற முடிவு ஓரளவு தேடிய முறையிலேயே அடங்கியிருந்தது. இது வெறும் அறிவு ஆர்வத்துக்கான வேறுபாடும் அல்ல. முதல் வரிசை மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு மாட்டுக் கிருமியிடம் இயல்பாகவே வேலை செய்யாது. அதன் ஒரு மரபணுவில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றமே காரணம்.

மரபணுவைக் கொண்டு கிருமிகளை அடையாளம் காணும் முறை 1990-களில் வந்தது. காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.-வில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு உண்டு, ஐ.எஸ்.6110 என்று பெயர். ஒவ்வொரு வம்சத்திலும் அது எத்தனை இடத்தில், எங்கெங்கே இருக்கிறது என்பதைக் கைரேகை போலப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சொல்ல முடிந்தது. அதே முறை திருவள்ளூர் கிராமங்களின் கிருமிகளிடம் தடுமாறியது. சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் சுஜாதா நாராயணன் முதலானோர் 2002-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, அந்தக் கிருமிகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில் அந்தத் துண்டு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஒரே இடத்தில் இருக்கும் குறியை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க முடியாது. வெளிநாட்டு ஊசியைப் போலவே வெளிநாட்டுச் சோதனையும் இங்கே வேலைசெய்ய மறுத்தது. இங்குள்ள கிருமி வேறு கிளை.

எவ்வளவு வேறு என்பது முழு மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்ட பிறகு தெளிந்தது. 1998-இல் ஸ்டூவர்ட் கோலின் குழு மனிதக் கிருமியின் 44 லட்சம் எழுத்துகளையும் படித்து வெளியிட்டது. அதுவரை நிலவிய கருத்து, மனிதர்கள் மாடு வளர்க்கத் தொடங்கியபோது மாட்டின் கிருமி மனிதரிடம் தாவிக் காசநோயாயிற்று என்பது. 2002-இல் ரோலண்ட் புரோஷும் சகாக்களும் கிருமிக் குடும்பத்தின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு அதைத் தலைகீழாக்கினார்கள். கிருமிகள் காலப்போக்கில் மரபணுத் துண்டுகளை இழக்கின்றன. இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. மனிதக் கிருமியிடம் இருக்கும் பல துண்டுகள் மாட்டின் கிருமியிடம் இல்லை. ஆகவே மாட்டின் கிருமி தாயாக இருந்திருக்க முடியாது. மனிதக் கிருமிகளிலும், பிற இடங்களில் பரவிய வகைகள் இழந்துவிட்ட ஒரு துண்டை இழக்காமல் வைத்திருக்கும் பழைய கிளை ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் மிகுந்திருப்பது அந்தப் பழைய கிளையே என்று 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. மிட்சிசனின் கினிப்பன்றிகள் நாற்பதாண்டுக்கு முன்பே ஏதோ சொல்ல முயன்றிருக்கின்றன.

மாட்டுக் கிருமியின் தொகுதி 2003-இல் படிக்கப்பட்டது. மனிதக் கிருமியோடு அது 99.95 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருந்தது. 44 லட்சத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகளும், சில துண்டுகளின் இழப்பும்தான் வேறுபாடு. பி.சி.ஜி.-யிடம் அதற்கும் மேலாக ஆர்.டி.1 எனப்படும் துண்டு காணாமல் போயிருந்தது. 230 தடவை மாற்றி வளர்த்ததில் உதிர்ந்த வலிமையின் பெரும்பங்கு அங்கே இருந்தது. இன்றைய கருவிகள் கிருமியின் டி.என்.ஏ.-வைச் சிறு துண்டுகளாக்கி, லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கின்றன. பிறகு கணினி அவற்றைத் தெரிந்த தொகுதியின் மேல் பொருத்துகிறது. எந்தத் துண்டு இல்லை, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்தால் கிருமியின் இனம், வம்சம், எந்த மருந்துக்குப் பணியாது என்பது எல்லாம் ஒரே வாசிப்பில் கிடைக்கின்றன.

இந்த வாசிப்பு இந்திய மாடுகளிடம் வந்தபோது எதிர்பாராத விடை கிடைத்தது. ஓரிக்ஸ் என்னும் மறிமானிடமிருந்து எடுக்கப்பட்டு, 2012-இல் மைக்கோபாக்டீரியம் ஓரிகிஸ் என்று பெயரிடப்பட்ட கிருமி ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் ஆப்பிரிக்க, அரேபிய விலங்கின் நோய் என்று தோன்றும். ஆனால் பெயரிட்ட ஆய்வில் இடம்பெற்ற மனித நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்காசியர்கள். சேத்துப்பட்டு நிறுவனத்தின் கண்ணன் பழனியாண்டியும் சகாக்களும் சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த கிருமியின் முழுத் தொகுதியைப் படித்து 2019-இல் வெளியிட்டார்கள். பாடநூல் சொல்லும் மாட்டுக் கிருமி அல்ல அது; ஓரிகிஸ். 2022-இல் சென்னையின் காட்டுக் குளம்பு விலங்குகளிடமும் அதே கிருமி காசநோய் உண்டாக்கியதை அதே நிறுவனத்தார் பதிவு செய்தார்கள்.

இடையில், 2020-இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களும் மார்செல் பேர், விவேக் கபூர் முதலான வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து இன்னும் முக்கியமான முடிவொன்றை வெளியிட்டார்கள். 2018–19-இல் அந்த மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் 940 காசநோய்க் கிருமி மாதிரிகளை அவர்கள் சோதித்தார்கள். ஏழு பேரிடம் ஓரிகிஸ் இருந்தது. ஐந்து பேரிடம் பி.சி.ஜி. கிருமியே இருந்தது. உலக நூல்கள் மாட்டுக் காசத்துக்குக் காரணமாகச் சொல்லும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் ஒருவரிடமும் இல்லை. மாட்டிலிருந்து மனிதருக்கு வருவதே இல்லை என்று நூறாண்டுகளாகச் சொன்னவர்களும், போவிஸைத் தேடிக்கொண்டே இருந்தவர்களும் ஒரே தவறைச் செய்திருந்தார்கள்: ஐரோப்பிய மாட்டின் கிருமிதான் இந்திய மாட்டிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. வேலூருக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் வரையிலிருந்து நோயாளிகள் வருவதால், அந்த ஏழு பேரையும் தமிழ்நாட்டுக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒரு பெரிய மருத்துவமனையின் விகிதத்தை நாட்டுக்கே பொருத்துவதும் சரியல்ல. ஆனால் 940-க்கு ஏழு என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், 2023-இல் 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்ததாக மதிப்பிடப்பட்ட நாட்டில் அது தள்ளிவிடக் கூடியதன்று.

மாடுகளின் பக்கம் நிலைமை 1917-ஐவிட மாறிவிட்டது. லிஸ்டன் பார்த்த நாட்டு மாடுகளின் இடத்தை, பாலுக்காக வந்த கலப்பின மாடுகள் பிடித்திருக்கின்றன. சென்னையின் பாலுக்காக உருவான மாதவரம் பால்பண்ணையும், அதையொட்டி வளர்ந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களும் இந்த மாற்றத்தின் நடுவில் இருந்தவை. ஸ்ரீநிதி சீனிவாசன் முதலானோர் 2018-இல் நாடு முழுவதும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, இந்திய மாடுகளில் 7.3 சதவீதத்துக்குக் காசநோய்த் தொற்று இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கலப்பின மாடுகளில் விகிதம் கூடுதல். ஐரோப்பா செய்ததைப் போலச் சோதித்துக் கொல்வது இங்கே சட்டத்தாலும் மனத்தாலும் முடியாத காரியம். அதனால் பி.சி.ஜி. ஊசியை அது பிறந்த இடத்துக்கே, மாட்டுக்கே, போடலாம் என்ற யோசனை வலுத்தது. அதில் ஒரு சிக்கல்: ஊசி போட்ட மாட்டுக்கும் நோயுற்ற மாட்டுக்கும் பழைய தோல் சோதனை ஒரே விடைதான் தரும். பி.சி.ஜி. இழந்த ஆர்.டி.1 துண்டு இங்கே உதவிக்கு வந்தது. அந்தத் துண்டு உண்டாக்கும் புரதங்களைக் கொண்டு செய்த தோல் சோதனையில், உண்மையான தொற்றுள்ள மாட்டின் தோல் மட்டுமே வீங்கும். அத்தகைய சோதனை 2019-இல் வெளியிடப்பட்டது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையின் மேல் இருக்கும் கும்மிடிப்பூண்டியில் கேள்வி இன்னொரு வடிவம் எடுக்கிறது. சிப்காட் வளாகத்தின் இரும்பாலைகளிலும் வார்ப்பாலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். வளாகத்தின் மதிலுக்கு அப்பால் வயலும் தொழுவமும் இருக்கின்றன. வட இந்தியாவில் மிகுந்த கிளையும் தென்னிந்தியாவில் மிகுந்த கிளையும் வேறு என்பதால், ஒரு தொழிலாளிக்கு வந்த காசநோய் சொந்த ஊரிலிருந்து உடம்பில் உறங்கி வந்ததா, இங்கே தங்கும் அறையில் தொற்றியதா என்பதை மரபணுத் தொகுதி பெருமளவு காட்டிவிடும். நோய் மனிதரிடமிருந்து விலங்குக்குப் போவதும் உண்டு. நியூசிலாந்தில் இந்தியாவிலிருந்து குடியேறிய ஒருவரிடமிருந்து ஓரிகிஸ் ஒரு பண்ணை மாட்டுக்குத் தொற்றியதை அந்நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் மரபணு ஒப்பீட்டால் நிறுவினார்கள். 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் கொரோனாவால் இறந்தபோது, போபாலிலுள்ள கால்நடை நோய் ஆய்வுக்கூடம் மரபணு வரிசையைப் படித்து, மனிதரிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டா வகைதான் அது என்று சொன்னது.

மரபணுவைப் படித்துக் கிருமியை அடையாளம் காணும் இந்த முறை காசநோயோடு நிற்பதில்லை. கிளி, புறாவிடமிருந்து வரும் சிட்டகோசிஸ், ஆடுமாடுகளின் பிரசவக் கழிவிலிருந்து காற்றில் பரவும் கியூ காய்ச்சல் போன்ற நிமோனியாக்களில் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதே கடினம், ஆபத்தும்கூட. நுரையீரலைக் கழுவியெடுத்த நீரிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் படித்து, மனித எழுத்துகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் யாருடையது என்று தேடும் முறை சீன மருத்துவமனைகளில் சிட்டகோசிஸைப் பலமுறை காட்டிக்கொடுத்திருக்கிறது. 2019 இறுதியில் வூகானின் காரணம் தெரியாத நிமோனியாவுக்குப் புதிய கொரோனா வைரஸ் என்ற விடை கிடைத்ததும் இவ்வழியேதான். தமிழ்நாடு 2021 செப்டம்பரில் சென்னையில் தனக்கென மரபணு வரிசை ஆய்வுக்கூடம் திறந்தது, கொரோனா வகைகளைக் கண்டறிய. காசநோய்க்கு இந்த வழி இன்னும் சுலபமாகவில்லை. சளியில் மனித டி.என்.ஏ.-வே நிறைந்திருப்பதால் கிருமியைப் பெரும்பாலும் முதலில் வளர்த்தாக வேண்டும். மெதுவாகப் பெருகும் கிருமி அது. வளர வாரக்கணக்கில் ஆகும்.

ஆகவே அரசு மருத்துவமனைகளில் இன்று நுரையீரல் காசநோய் உறுதியாவது சிபிநாட், ட்ரூநாட் கருவிகளால். இரண்டு மணி நேரத்துக்குள் விடை தரும் இவை, காசநோய்க் கிருமிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான மரபணுப் பகுதிகளைத் தேடுகின்றன. ரிஃபாம்பிசின் என்ற மருந்து கேட்குமா என்பதையும் சொல்கின்றன. மனிதக் கிருமி, போவிஸ், ஓரிகிஸ், பி.சி.ஜி. நான்குக்கும் தாளில் அச்சாகும் வாசகம் ஒன்றே.